புளித்துப் போனதா, புளிக்க வைத்ததா?

(டிஸ்கி: இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. குடி குடியைக் கெடுக்கும் என்பதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஒரு பொருளை எப்படிச் சுவைத்து எடை போடுவது என்பதுதான் இங்கே விஷயம். இந்தக் கட்டுரை முழுக்கச் செலவாகப் போகும் சரக்கு இரண்டே இரண்டு சின்ன கிளாஸ். அதிலும் பாதி மீதம்!)

மாவு ஆட்டி வைத்த வீட்டில் மறுநாள் காலையில் கேட்கும் முதல் கேள்வி, "மாவு புளிச்சிருச்சா?" என்பதுதான். "புளிச்சிருச்சு" என்று பதில் வந்தால் இட்லி நிச்சயம். "புளிச்சுப் போச்சு" என்று வந்தால் கதை வேறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு 'போச்சு'. அந்த ஒரு சொல்லில் உழைப்பு, நேரம், காசு எல்லாம் சேர்ந்து போச்சு!

பெல்ஜியத்தில் ஒரு பீர் கம்பெனி, நூறு வருடத்துக்கும் மேலாக இந்த 'போச்சு'வின் ஓரத்திலேயே நடந்து காசு பார்த்து வருகிறது. கம்பெனியின் பெயர் ரோடன்பாக். ஊர் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில் உள்ள ரூசலாரே. சரக்கின் பெயர் கிராண்ட் க்ரூ. செம்பழுப்பு நிறம், 6 சதவீத ஆல்கஹால். இதில் மூன்றில் இரண்டு பங்கு, ஓக் மரத்தால் செய்த பிரம்மாண்டமான தொட்டிகளில் இரண்டு வருடம் கிடந்து புளித்த பழைய பீர். மீதி ஒரு பங்கு இளசு.

இதை முதல் தடவை சுவைக்கிற ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பீருக்கு மதிப்பெண் போடும் நடுவராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். பெயரெல்லாம் வேண்டாம், 'புதியவர்' என்றே வைத்துக்கொள்ளலாம். பீர் என்றால் மஞ்சளாக, ஜில்லென்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும் என்பதுதான் அவருக்கு அதுவரை தெரிந்தது.

ஒரு வாய் குடிக்கிறார். முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்த குழந்தை மாதிரி சுருங்குகிறது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கெட்டுப் போச்சு சார்!" என்கிறார்.

இரண்டு வருடம் தொட்டியில் கிடந்த சரக்குக்கு இரண்டே செகண்டில் தீர்ப்பு. தீர்ப்பு சரியா?

ஊர்க் கதை கொஞ்சம்

1821இல் ரோடன்பாக் சகோதரர்கள் நால்வர் சேர்ந்து ரூசலாரேயில் ஒரு பீர் வடிப்பாலையை வாங்கினார்கள். அவர்களில் அலெக்சாண்டர் என்பவர் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். அப்படியிருந்தும் 1830இல் பெல்ஜியம் தனி நாடான காலத்தில் அரசியலில் பெரிய ஆளாக இருந்தார், பார்வையற்றோர் கல்விக்காகவும் உழைத்தார். (இவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.) 1836இல் தொழில் இன்னொரு சகோதரரான பெட்ரோவின் கைக்கும், அவருடைய மனைவி ரெஜினா வௌட்டர்ஸ் கைக்கும் வந்தது.

பெட்ரோவின் பேரன் யூஜீன், 1870களில் இங்கிலாந்து போய், மரத்தொட்டியில் பீரைப் பழக வைத்துப் பிறகு இளசோடு கலக்கும் வித்தையைக் கற்றுவந்தார் என்பது அந்தக் கம்பெனி சொல்லும் வரலாறு. இங்கிலாந்தில் அந்த வித்தை ஏற்கெனவே பழசு. லண்டனில் போர்ட்டர் என்ற கறுத்த பீரைப் பிரம்மாண்டமான மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் கிடத்துவார்கள். யாருடைய தொட்டி பெரிசு என்று போட்டியே நடந்திருக்கிறது. 1814 அக்டோபர் 17 அன்று அப்படி ஒரு தொட்டி வெடித்து, பீர் வெள்ளமாகத் தெருவில் பாய்ந்து 8 பேர் செத்துப்போனார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத செய்தி. செத்தவர்கள் அக்கம்பக்கத்து ஏழைக் குடியிருப்புகளில் இருந்த பெண்களும் குழந்தைகளுமாகவே இருந்தார்கள் என்று படித்த பிறகு சிரிப்பு வராது.

இங்கிலாந்தில் அந்தப் பழக்கம் ஏறக்குறைய செத்தே போனது. ரூசலாரேயில் பிழைத்துக்கொண்டது. இன்று அங்கே 294 ஓக் தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஃபூடர் என்று பெயர். ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயரம். பெரியவை 60 ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். சில தொட்டிகளுக்கு வயது நூற்றைம்பது. அவற்றைக் கழற்றிப் பூட்டிப் பராமரிக்கக் கம்பெனியிலேயே தச்சர்கள் உண்டு.

முதலாளிகள் மட்டும் மாறினார்கள். 1998இல் பாம் என்ற பெல்ஜிய கம்பெனி ரோடன்பாக்கை வாங்கியது. 2016இல் அந்த பாமின் பெரும்பங்கை நெதர்லாந்தின் பவாரியா வாங்கியது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் ரசிகர்களுக்கு வந்த பயம் ஒன்றுதான்: "கணக்குப்பிள்ளைகள் வந்து தொட்டியை எல்லாம் விறகாக்கிவிடுவார்களோ?"

அந்தப் பயம் நியாயமானதா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு.

காமர்ஸ்காரர்களுக்கான பாரா

சாதாரண பீர் இரண்டு மூன்று வாரத்தில், லாகர் வகை என்றால் ஒன்றிரண்டு மாதத்தில், கடைக்குப் போய்விடும். போட்ட முதல் திரும்பும், அதையே மறுபடி போடலாம், வருடத்துக்குப் பல சுற்று. ஃபூடரில் போட்டது இரண்டு வருடம் அசையாது. 100 ரூபாய் சரக்கு என்று வையுங்கள். 10 சதவீதக் கூட்டுவட்டியில் இரண்டு வருடத்துக்கு 121 ரூபாய். ஆக 21 ரூபாய் வெறும் காத்திருப்புக்கான விலை. இதில் தொட்டிக்கான இடம், தச்சர் சம்பளம், மரம் குடித்துக்கொண்ட பீர், கெட்டுப்போய்க் கொட்டின தொட்டி எதுவும் சேரவில்லை.

முதலாம் ஆண்டு அக்கவுண்டன்சி படித்தவர்கூட 'சரக்குச் சுழற்சி விகிதம்' என்று ஒன்றைப் போட்டு, இந்தக் கம்பெனியை உடனே மூடச் சொல்லிவிடுவார்.

அதற்கு மாற்று வழியும் இருக்கிறது. பீர் ஆவதற்கு முந்தைய மால்ட் சாற்றில் லாக்டிக் பாக்டீரியாவைப் போட்டுக் கதகதப்பாக வைத்தால், ஒன்றிரண்டு நாளில் நன்றாகப் புளித்துவிடும். கொதிக்கவிட்டு, ஈஸ்ட் போட்டு, ஒரு மாதத்துக்குள் புளிப்பு பீர் ரெடி! சொல்லப்போனால் இன்று உலகம் முழுக்க விற்கும் புளிப்பு பீர்களில் நிறைய இந்த ரகம்தான். அதில் நல்லவையும் உண்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் அந்த இரண்டு வருடத்தில் கிடைப்பது என்ன? நாக்குக்குத் தெரியும்படி ஏதாவது கிடைக்கிறதா, இல்லை லேபிளில் எழுத மட்டும்தானா? எடை போடுகிறவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

தொட்டிக்குள் நடப்பது

தொட்டிக்குள் ஒரு பெரிய கூட்டுக்குடும்பமே வாழ்கிறது. முதலில் சாதாரண ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். அடுத்து லாக்டோபாசிலஸ், பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள். தயிரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலத்தை இவை மெதுவாகச் சேர்க்கும். பிறகு ப்ரெட்டனோமைசிஸ் என்ற முரட்டு ஈஸ்ட். மற்றவர்கள் தொடாத மிச்சம் மீதியை எல்லாம் மாதக்கணக்கில் தின்றுகொண்டே இருக்கும். 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாஸன் என்பவர், கிடப்பில் வைத்த இங்கிலாந்து பீர்களில் இதைக் கண்டறிந்ததால்தான் பிரிட்டனின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. கடைசியாக அசிட்டோபேக்டர். ஆல்கஹாலையும் காற்றையும் சேர்த்துக் காடியாக்கும் ஆள். வினிகர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதேதான்.

நடுவில் ஒரு கண்டம் உண்டு. பீடியோகாக்கஸ் கொஞ்சம் ஆட்டம் போட்டால், பீர் வெண்டைக்காய் நீர் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். வெண்ணெய் வாடை வேறு அடிக்கும். அந்த நேரத்தில் தொட்டியைத் திறந்து ருசி பார்ப்பவர் யாராக இருந்தாலும், "கொட்டிவிடலாம்" என்றுதான் சொல்வார். கொட்டாமல் விட்டால், சில மாதத்தில் ப்ரெட்டனோமைசிஸ் வந்து அந்தக் கொழகொழப்பையும் வெண்ணெய் வாடையையும் துடைத்துவிடும். ஆக, பழக்கத்தில் போட்ட பீரைத் தப்பான மாதத்தில் எடை போட்டால் தீர்ப்பும் தப்பாகும்.

ஓக் மரத்தின் வேலை என்ன? பலர் நினைப்பதுபோல மரச்சுவை தருவது இல்லை. புது பீப்பாயோ, உட்புறம் கருக்கின பூர்பன் விஸ்கி பீப்பாயோ என்றால் வெனிலா, தேங்காய் மாதிரி வாசம் எல்லாம் இறங்கும். நூறு வருடத் தொட்டியிடம் கொடுக்க அதெல்லாம் மிச்சமில்லை. அது செய்வது இரண்டு வேலை. ஒன்று, நுண்ணுயிர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்க இடம். இன்னொன்று, மூச்சு. மரத்தின் வழியாகத் துளித் துளியாகக் காற்று உள்ளே போகும். எஃகுத் தொட்டி மூச்சே விடாது.

இந்த மூச்சில்தான் சூட்சுமம் இருக்கிறது. காற்று அளவாகப் போனால் பழவாசம், லேசான காடி நெடி. அதிகமாகப் போனால் ஊறுகாய் பாட்டில். தொட்டி பெரிசாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. 20,000 லிட்டர் தொட்டியையும் அதே வடிவத்தில் உள்ள 200 லிட்டர் பீப்பாயையும் ஒப்பிட்டால், ஒரு லிட்டர் பீருக்குச் சின்னதில் சுமார் நாலரை மடங்கு அதிக மரப்பரப்பு படும். பலகையும் மெல்லிசு. சின்ன பீப்பாய்க்கு மூச்சு வாங்கும்!

மதிப்பெண் தாள்

சரி, புதியவரிடம் திரும்பலாம். பயிற்சி கொடுப்பவர் அவரிடம் ஒரு தாளை நீட்டுகிறார். 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் தாள் அது. மொத்தம் 50 மதிப்பெண். வாசம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் படும் உணர்வு 5, ஒட்டுமொத்த எண்ணம் 10.

தோற்றத்துக்கு வெறும் 3 தானா என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2001இல் பிரான்ஸின் போர்தோ நகரில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. ஒயின் படிக்கும் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்களை எல்லாம் அவர்கள் இதற்கும் எழுதித் தள்ளினார்கள். மூக்கு என்ன சொன்னதோ தெரியாது, கண் எழுதிவிட்டது. இந்த விஷயத்தில் அந்தப் பார்வையற்ற அலெக்சாண்டர் ரோடன்பாக்கை ஏமாற்றியிருக்கவே முடியாது! அதனால்தான் போட்டிகளில் பாட்டிலை மறைத்து, யார் செய்தது என்று சொல்லாமல் கொடுக்கிறார்கள்.

புதியவர் மறுபடி கிளாஸை எடுக்கிறார். இந்தத் தடவை குடிக்கவில்லை. முகர்கிறார்.

முதலில் காடி நெடி. அது ஆவியாகிற அமிலம், மூக்குக்கு முந்திக்கொண்டு வரும். லாக்டிக் அமிலத்துக்கு மூக்கில் ஏறுகிற அளவுக்கு வாசம் கிடையாது, அது நாக்குக்காகக் காத்திருக்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முகர்ந்தால் செர்ரிப் பழம். சர்க்கரைப் பாகில் ஊறின மாதிரி. இத்தனைக்கும் இதில் செர்ரி ஒன்றுகூடப் போடவில்லை! நுண்ணுயிர்கள் தங்களுக்குள் சமைத்துக்கொண்ட வாசம். அடியில் உலர்ந்த திராட்சை, பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற ஒரு வாடை.

இப்போது ஒரு வாய். விழுங்க அவசரமில்லை.

முன்னால் புளிப்பு. முதல் தடவை அவரைத் தூக்கிப்போட்ட அதே புளிப்பு. ஆனால் இப்போது அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கெட்டித் தயிரின் புளிப்பு, வட்டமாக, மெதுவாக. இன்னொன்று காடியின் புளிப்பு, ஊசி மாதிரி, தொண்டையில் சுருக்கென்று. இரண்டும் எந்த அளவில் இருக்கின்றன என்பதுதான் இந்த வகை பீரின் ஜாதகமே. அடுத்து இனிப்பு, இளம் பீர் கொண்டுவந்தது. விழுங்கின பிறகு கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. நெல்லிக்காய் தின்ற பிறகு வருமே, அந்த மாதிரி, ஆனால் அதைவிட மெல்லிசு. கசப்பு தேடினாலும் அவ்வளவாகக் கிடைக்காது. ஹாப்ஸின் கசப்பு கூடினால் லாக்டிக் பாக்டீரியாவுக்கு ஆகாது, நாக்குக்கும் புளிப்போடு கசப்பு சேர்ந்தால் பிடிக்காது.

ஆங்கிலத்தில் இதை எழுதுகிறவர்கள் துவர்ப்புக்குத் தடுமாறுவார்கள். தமிழில் அறுசுவையில் ஒன்றாகவே அதை வைத்துவிட்டதால் புதியவருக்கு அந்தச் சிரமம் இல்லை. டக்கென்று எழுதிவிட்டார்.

பத்து நிமிடம் கழித்து, கிளாஸின் குளிர் கொஞ்சம் இறங்கின பிறகு இன்னொரு வாய். புளிப்பு பின்வாங்கி, பழம் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே கிளாஸ், அதே பீர்.

வாசம் 10, தோற்றம் 3, சுவை 15, வாயுணர்வு 4, ஒட்டுமொத்தம் 8. கூட்டினால் 40. அந்தத் தாளின் கணக்கில் 38 முதல் 44 வரை 'மிகச் சிறப்பு'. பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் 'கெட்டுப் போச்சு'!

இங்கேதான் ஒரு சந்தேகம்

இந்த 40 நாக்கு போட்டதா, கதை போட்டதா?

நடுவில் அவர் 1821 கதை கேட்டிருக்கிறார். 294 தொட்டி, நூற்றைம்பது வயது, இரண்டு வருடம் எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பீரைப் பற்றி எழுதியே உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஜாக்சன் (மூன்வாக் ஆடுகிறவர் இல்லை, இவர் 1942 முதல் 2007 வரை வாழ்ந்த இங்கிலாந்து எழுத்தாளர்) ரோடன்பாக்கை வாயாரப் புகழ்ந்தவர் என்பதும் தெரிந்துவிட்டது. இவ்வளவு பெரியவர்கள் சொன்ன பிறகு 19 மதிப்பெண் போட யாருக்குத் தைரியம் வரும்?

இதற்கு ஒரு பழைய வைத்தியம், முக்கோணச் சோதனை. மூன்று கிளாஸ், ஒரே மாதிரி, எண் மட்டும் எழுதி. இரண்டில் கிராண்ட் க்ரூ. ஒன்றில் அவசரமாகப் புளிக்க வைத்த, அதே நிறத்தில் உள்ள வேறொரு பீர். கண்ணைக் கட்டிக்கொண்டு மாறுபட்ட கிளாஸைச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றுக்கு ஒன்று சரியாக வந்துவிடும். நாலு தடவை தொடர்ந்து சரி என்றால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 81இல் 1 தான்.

புதியவர் நாலு தடவை முயற்சி செய்கிறார். மூன்று சரி, ஒன்று தப்பு. வெறும் ஊகத்தில் மூன்றோ அதற்கு மேலோ சரியாக வர வாய்ப்பு ஒன்பதில் ஒன்று. ஆக வித்தியாசம் தெரிகிறது போலத்தான் இருக்கிறது, ஆனால் அவர் மார்தட்டும் அளவுக்கு இல்லை. 'பளிச்சென்று தெரிந்தது' என்று எழுத நினைத்த வரியை அடித்துவிட்டு 'தெரிந்தது' என்று மட்டும் எழுதுகிறார். அதுவரை சந்தோஷம்.

இரண்டாவது கிளாஸ்

பயிற்சி முடிந்து, ஒரு போட்டி மேசை. இப்போது வந்திருப்பது கம்பெனி சரக்கு இல்லை. யாரோ ஒருவர் வீட்டில் செய்தது. இதுமாதிரி புளிப்பு பீர் இப்போது பெல்ஜியத்தோடு நிற்பதில்லை. ரோடன்பாக்கில் வேலை பார்த்த பீட்டர் பூக்கார்ட் 1996இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள நியூ பெல்ஜியம் கம்பெனிக்குப் போய், அங்கே மரத்தொட்டியில் லா ஃபோலி என்ற புளிப்பு பீரைக் கொண்டுவந்தார். அதன் பிறகு அமெரிக்காவில் வீட்டு கராஜ்களில்கூடப் பீப்பாய்கள் முளைத்துவிட்டன.

பாட்டிலோடு வந்த சீட்டில் ஒரே ஒரு குறிப்பு: 18 மாதம், சின்ன ஓக் பீப்பாய்.

நிறம் அருமை. 3க்கு 3. முகர்ந்ததும் காடி. பொறுத்து முகர்ந்தாலும் காடி. அதற்குப் பின்னால் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை. எதில் அசிடேட். செர்ரி எங்கோ தூரத்தில் ஒரு கோடாக. சுவையிலும் அதே கதை, தொண்டை எரிகிறது.

புதியவரின் பேனா நிற்கிறது.

பதினெட்டு மாதம்! ஒருவர் ஒன்றரை வருடம் இதற்காகக் காத்திருக்கிறார். தினமும் பீப்பாயைப் பார்த்திருப்பார். பாட்டிலில் அடைத்து, பார்சல் கட்டி, பணம் கட்டி அனுப்பியிருக்கிறார். ஒரு 33, 34 போட்டால் என்ன குறைந்துவிடும்?

காமர்ஸ் வகுப்பில் இதற்கு 'மூழ்கிய செலவு' என்று ஒரு பாடம் உண்டு. போட்ட காசு போட்டதுதான், அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்பார்கள். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். மேசையில் இன்னொருவரின் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருக்கும்போது எழுதுவது கஷ்டம்.

ஆனால் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம். சாதாரண பீர் செய்கிறவருக்கு ஒரு தப்பான அறிவுரை போனால் என்ன நஷ்டம்? மூன்று வாரம். அடுத்த தடவை திருத்திக்கொள்வார். இவருக்கு? 'நன்றாக இருக்கிறது, இப்படியே தொடருங்கள்' என்று எழுதி அனுப்பினால், அவர் அப்படியே தொடர்ந்து, இன்னும் 18 மாதம் காத்திருந்து, மறுபடி இதே காடியைத் திறப்பார். மூன்று வருடம்! அதே மாதிரி 'கெட்டுப் போச்சு' என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினாலும் நஷ்டம்தான். எது கெட்டது, ஏன் கெட்டது என்று தெரியாமல் பீப்பாயை உடைத்து அடுப்பில் போட்டுவிடுவார். ஒரு மனிதன் ஆயுளில் இந்த மாதிரி எத்தனை தடவை முயற்சி செய்துவிட முடியும்?

கருணை காட்டினால் மூன்று வருடம் போகும், அவசரப்பட்டால் பீப்பாயே போகும்.

புதியவர் எழுதுகிறார். வாசம் 5, தோற்றம் 3, சுவை 9, வாயுணர்வு 3, ஒட்டுமொத்தம் 4. ஆக 24. எதிரில் உட்கார்ந்த அனுபவசாலி நடுவர் 26 போட்டிருக்கிறார். இருவரும் பேசி 25இல் நிற்கிறார்கள்.

மதிப்பெண்ணுக்குக் கீழே உள்ள காலி இடத்தில்தான் அவருக்கு நேரம் பிடிக்கிறது. இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதினது இவ்வளவு:

"நிறம் மிக நன்று. அடியில் செர்ரி இருக்கிறது, துவர்ப்பும் அளவாக இருக்கிறது. காடிதான் எல்லாவற்றையும் மூடிவிட்டது. பீப்பாய்க்குள் காற்று அதிகம் போயிருக்கிறது. பீர் குறையக் குறைய நிரப்பி வையுங்கள். காற்றுப் பூட்டில் தண்ணீர் வற்றவிடாதீர்கள். ருசி பார்க்க அடிக்கடித் திறக்காதீர்கள். மீதம் இருந்தால் கொட்ட வேண்டாம். காடி ஏறாத வேறொரு பீரில் பத்தில் ஒரு பங்கு கலந்து பாருங்கள்."

கடைசி வரி ரூசலாரேயிலிருந்து வந்தது. அங்கேயும் எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரி பழகுவதில்லை. ஒன்று காடியாக எகிறும், ஒன்று மந்தமாகக் கிடக்கும். கலப்பவர்தான் ருசி பார்த்து, இதில் இவ்வளவு, அதில் இவ்வளவு என்று சேர்த்து நேராக்குகிறார். முதலீட்டையெல்லாம் ஒரே பங்கில் போடாதே என்று சொல்கிற அதே பாடம்தான், பீப்பாய்க்கு.

தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, மேசையில் மீதம் இருந்ததில் இன்னும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார் புதியவர். குளிர் போய்விட்டது. காடி அப்படியேதான் இருக்கிறது. செர்ரி மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் தெரிகிறது.

தாளைத் திரும்ப வாங்கி, 'அடியில் செர்ரி இருக்கிறது' என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்து போகிறார்.